காற்றிடம் கணக்குக் கேட்டவர்கள்

1344ஆம் ஆண்டு. மாலைதீவிலிருந்து மதுரைப் பக்கம் போகக் கப்பலேறிய ஒரு பெரிய மனுசர் புத்தளத்தில் வந்து இறங்கினார். 3 நாள் பயணம் என்று சொல்லிக் கிளம்பியது, 9 நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் கரை தெரிந்தது. கரை சரி, நாடுதான் பிழை.

வந்தவர் வேறு யாருமில்லை, இப்னு பதூதா. தாஞ்சியரில் புறப்பட்டு மக்கா, பாரசீகம், டில்லி என்று பாதி உலகத்தைக் காலால் அளந்தவர். சரித்திரப் பாடத்தில் கட்டாயக் கேள்வியாக வருகிறவர். அப்பேர்ப்பட்டவருக்கு மாலைதீவைத் தாண்டியதும் வழி தப்பிவிட்டது. கப்பலில் அனுபவமுள்ள மாலுமி இருக்கவில்லை என்று பிற்பாடு எழுதிவைத்தார். டிரைவர் தலையில் பழியைப் போடும் கலை 14ஆம் நூற்றாண்டிலேயே நன்றாக வளர்ந்திருந்தது.

மதுரையில் இவருக்கு என்ன வேலை என்று கேளுங்கள். மாலைதீவில் காதியாராக இருந்தார். இருந்த கொஞ்சக் காலத்துக்குள் நாலு கலியாணம் முடித்தார், வசீரோடு கொளுவிக்கொண்டார், கடைசியில் மதுரை சுல்தானிடம் படை வாங்கிவந்து தீவையே பிடித்துவிடுவது என்று சிலரோடு சேர்ந்து திட்டமும் போட்டார். நாடு பிடிக்கக் கிளம்பியவரைக் காற்று தூக்கிக்கொண்டுபோய்ப் புத்தளத்துக் கறுவாத் தடிகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது.

துறைக்குள் நுழைய மாலுமிகளுக்குப் பயம். கரை ஆரியச் சக்கரவர்த்தியுடையது. அந்த மன்னருடைய ஆட்கள் கடலில் கொள்ளையடிப்பவர்கள் என்று பேச்சு. வெளியே நிற்கலாம் என்றால் புயல் வரும்போல இருக்கிறது. "என்னை இறக்கிவிடுங்கள், நான் கதைக்கிறேன்" என்றார் நம்மவர். மன்னரின் ஆட்களிடம் அவர் நீட்டிய விசிட்டிங் கார்டில் ஒரே ஒரு வரிதான்: நான் மதுரை சுல்தானுடைய சகலன். பொய்யில்லை, இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். கிட்டத்தட்ட 700 வருடம் போயும் நம்முடைய கச்சேரிகளில் வேலை நடக்கும் முறை மாறியதாகத் தெரியவில்லை.

கார்ட் வேலை செய்தது. பாரசீகம் விளங்கக்கூடிய மன்னர், முத்துக்களை எடுத்துக் காட்டினார். பாவா ஆதம் மலைக்குப் போக ஆசை என்றதும் பல்லக்கு வந்தது. கூடவே 4 யோகிகள், 3 பிராமணர்கள், 10 துணைவர்கள், சாமான் சுமக்க 15 பேர். வழி தவறி வந்தவருக்கு முழு டூர் பேக்கேஜ். அவருடைய நூலை வாசித்தால், மனுசர் முதலிலேயே இலங்கைக்குத்தான் டிக்கெட் எடுத்தார் என்று நாமே சத்தியம் செய்துவிடுவோம்.

ஆனாலும் அந்தப் பெயர் தெரியாத மாலுமிக்காக இரண்டு வார்த்தை பேசத்தான் வேண்டும். குற்றவாளி அவரல்ல, காற்று. பதூதா கடலில் அலைந்தது சோளகக் காலம்.

மே மாதம் சோளகம் எழும்பினால் கற்பிட்டி முதல் சிலாபம் வரை தென்னையோலைகள் எல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமுடிபோல நிற்கும். வாசலில் காயப்போட்ட சாரம் அடுத்த வளவில் கிடக்கும். இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? அடுப்பிலிருந்து. கோபிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். கீழே சூடு, மேலே குளிர். சூடானது இலேசாகி மேலே போகும், குளிர்ந்தது கனத்துக் கீழே வரும். சாதாரண தரப் புத்தகத்தில் இதற்கு மேற்காவுகை என்று பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வெப்பச்சலனம் என்று எழுதி அதே மார்க்கை வாங்குவார்கள்.

சோற்றுப்பானைக்குள் அரிசி ஏறி இறங்குவதும், பகலில் கடற்காற்று கரைக்கு ஏறுவதும், கண்டத்தைக் கடந்து பருவக்காற்று வீசுவதும் ஒரே குடும்பத்துச் சண்டைதான். பானை சின்னது, ஆசியா பெரியது, அவ்வளவுதானே வித்தியாசம் என்று பெரிய பெரிய மூளைகள் எல்லாம் நினைத்தன. அங்கேதான் அவர்களுக்குச் சனி பிடித்தது.

இந்தக் கரை ஆட்கள் அப்படி எதுவும் நினைக்கவில்லை. பாய் கட்டி வள்ளம் ஓட்டிய காலத்தில் விடியப்புறத் தரைக்காற்றில் கடலுக்குப் போனார்கள், பகல் கடற்காற்றில் மீனோடு வீட்டுக்கு வந்தார்கள். போகவர எண்ணெய்ச் செலவு இல்லை. காற்று ஏன் திரும்புகிறது என்று கேட்டவர்களோ, இந்தக் கடலில் காலே நனைக்காதவர்கள்.

முதல் ஆள் எட்மண்ட் ஹேலி. வால்வெள்ளிக்காரர்தான். 1686இல், முப்பது வயதுகூட ஆகாதபோது, உலகத்துக் காற்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரு படம் வரைந்து காரணமும் எழுதி லண்டனில் வெளியிட்டார். இந்து சமுத்திரத்துப் பருவக்காற்றுப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இந்தப் பக்கம் வந்துபோன மாலுமிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோடைகாலத்தில் ஆசிய நிலம் சூடாகிறது, காற்று மேலே எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று ஓடிவருகிறது. அருமை. இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் காற்று ஏன் சரிவாக வீசுகிறது என்ற கேள்வி வந்ததும், சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகிறதல்லவா, காற்றும் பின்னாலேயே போகிறது என்றார். மேதைகள் தடுக்கி விழும்போது நம்மைப்போலவேதான் விழுகிறார்கள்.

இதைத் திருத்தியவர் ஜோர்ஜ் ஹாட்லி. தொழில் வக்கீல், பொழுதுபோக்கு வானிலை. பூமி சுற்றுவதால்தான் காற்று சரிகிறது என்று 1735இல் எழுதினார். யாரும் கவனிக்கவில்லை. ஹேலி, ஹாட்லி என்று பெயர் ஒன்றுபோல இருந்ததால் கட்டுரையைச் சிலர் ஹேலியின் கணக்கில் எழுதினார்கள். கடற்பயணக் கருவி கண்டுபிடித்துப் புகழ்பெற்ற அண்ணன் ஜோன் ஹாட்லியின் கணக்கில் வேறு சிலர் எழுதினார்கள். சொந்தக் கண்டுபிடிப்புக்கே சாட்சி இல்லாமல் போன ஒரே வக்கீல் இவராகத்தான் இருப்பார்.

ஹாட்லியின் விடை சரி, ஆனால் கணக்கில் ஓட்டை என்று பிற்பாடு வந்தவர்கள் காட்டினார்கள். நிலம் சூடாவது மட்டும் போதாது, மத்தியகோட்டை ஒட்டிக் கிடக்கும் மழைப்பட்டை வெயிலுக்குப் பின்னால் வடக்கே நகர்வதுதான் பருவக்காற்று என்று இன்றைய ஆய்வாளர்களில் பலர் சொல்கிறார்கள். ஆக, பதூதாவைப் புத்தளத்தில் இறக்கிய காற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, ஆசியாவை விடுவோம். ஒரு கிண்ணத்துத் தண்ணீருக்காவது ஒழுங்காகக் காரணம் சொன்னார்களா? அந்தக் கதை இன்னும் மோசம்.

கவுண்ட் ரம்ஃபர்ட் என்று ஒருவர். இயற்பெயர் பெஞ்சமின் தொம்சன். அமெரிக்காவில் பிறந்து, அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானியருக்கு உளவு பார்த்து, பிறகு பவேரியாவுக்குப் போய்ப் பிரபுப் பட்டம் வாங்கியவர். நல்ல அடுப்புச் செய்வதில் மன்னன். ஒருநாள் பெரிய குமிழ் வைத்த மதுசார வெப்பமானி ஒன்றை ஆறட்டும் என்று ஜன்னலோரம் வைத்தார். வெயில் பட்டபோது பார்த்தால், உள்ளே மிதந்த தூசிகள் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேற்காவுகையைக் கண்ணெதிரே பிடித்த பெரும் தருணம் அது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். திரவங்களுக்கு வெப்பத்தைக் கடத்தவே தெரியாது, ஓடித்தான் சுமக்கும் என்று 1797இல் ஒரே போடாகப் போட்டார். அது தவறு. கிடைத்த வெற்றியைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத குணம் அவருடைய குடும்ப வாழ்க்கையிலும் இருந்தது.

1805இல் அவர் கட்டியது லவோசியேயின் விதவையை. ஆம், தலை வெட்டப்பட்ட அந்த இரசாயனவியலாளரேதான். அம்மையாருக்கு விருந்தாளிகள் என்றால் உயிர், இவருக்கு அமைதியும் பூந்தோட்டமும். ஒருநாள் விருந்தாளிகள் உள்ளே வராதபடி கேட்டைப் பூட்டிவிட்டார். அம்மையார் சண்டை பிடித்துவிட்டு நேரே தோட்டத்துக்குப் போய், அவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகளுக்குக் கொதிநீரை ஊற்றினார். இதை மகளுக்கு அழுது எழுதியவர் ரம்ஃபர்ட்தான். வெந்நீர் எப்படி நகரும் என்று ஐரோப்பாவுக்கே பாடம் எடுத்தவருக்கு, அது தன் ரோசாவை நோக்கி நகரும் என்று தெரியவில்லை.

கிண்ணத்துக் கதை இங்கிருந்து ஒரு திமிங்கிலத்துக்குப் போகிறது. கற்பிட்டிக் கடலில் மார்ச், ஏப்ரலில் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாக வரும். அவற்றின் பெரிய தலைக்குள் ஒருவகை மெழுகெண்ணெய் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை மெழுகுதிரியாக எரித்துத்தான் வீட்டுக்கு வெளிச்சம் பிடித்தன. அந்த மெழுகில் கொஞ்சம் 1900ஆம் ஆண்டில் பாரிஸில் ஆன்றி பெனார் என்ற இளைஞரின் கைக்கு வந்தது. கற்பிட்டித் திமிங்கிலமா என்று கேட்காதீர்கள். யாரும் அதனிடம் அடையாள அட்டை வாங்கவில்லை.

பெனார் செய்தது இதுதான். ஓர் உலோகத் தட்டை நீராவியால் அடியிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கினார். அதன்மேல் உருகிய திமிங்கில மெழுகை ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு ஊற்றினார். மேற்புறம் திறந்த காற்று. ஓட்டம் தெரிவதற்காக நுண்ணிய தூளையும் கலந்தார். குனிந்து பார்த்தால், தட்டையாகக் கிடந்த மெழுகு அறை அறையாகப் பிரிகிறது. முதலில் கோணல்மாணலாக வந்த அறைகள் ஒன்றையொன்று தள்ளி இடம்பிடித்து, கொஞ்ச நேரத்தில் தேன்கூடுபோல அறுகோணங்களாக நிற்கின்றன. ஒவ்வோர் அறையிலும் நடுவில் மெழுகு மேலே வந்து, பக்கத்துக்கு விரிந்து, ஓரத்தில் கீழே போகிறது. யாரும் கோடு போடவில்லை, அச்சு வைக்கவில்லை. சூட்டை மட்டும் கொடுத்தார், வடிவத்தை மெழுகே போட்டுக்கொண்டது.

பாரிஸ் பேராசிரியர்கள் துள்ளிக் குதித்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1901இல் ஆய்வேட்டைப் பார்த்த பரீட்சகர்களுக்குப் பெரிய உற்சாகம் எதுவும் இல்லை. ஆள் இதைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் என்கிற தோரணையில் பட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். நம்முடைய பல்கலைக்கழகங்களை மட்டும் குறைசொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பதினைந்து வருடம் கழித்து, 1916இல், பிரபு ராலே பார்வையைத் திருப்பினார். சாதாரண பிரபு அல்ல. ஆகாயம் ஏன் நீலம் என்று சொன்னவர், ஆர்கன் வாயுவுக்காக 1904இல் நோபல் வாங்கியவர். பெனாரின் அறைகளுக்கு அவர் கணக்கு எழுதினார். மேலே தூக்கும் மிதப்பு ஒரு பக்கம். ஓடவிடாமல் பிடிக்கும் பிசுபிசுப்பும், சத்தமில்லாமல் சூட்டைக் கடத்திச் சமாதானம் பண்ணும் கடத்துதிறனும் மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் தராசில் போட்டால் ஓர் எண் வரும். அதற்கு இன்றைக்கு ராலே எண் என்று பெயர். மேலும் கீழும் தட்டு வைத்து மூடிய திரவத்தில் அந்த எண் 1,708ஐத் தாண்டினால் ஆட்டம் ஆரம்பம். அழகான கணக்கு, பிழையே இல்லை. ஒரே ஒரு சின்ன விசயம்: அது பெனாரின் மெழுகுக்கான கணக்கு அல்ல.

பெனாரின் படலம் அவ்வளவு மெல்லியது. மிதப்பு விசை அங்கே எதையும் அசைக்காது. மெழுகைப் புரட்டியது மேற்பரப்பு இழுவிசை. சூடான இடத்தில் இழுவை குறைகிறது, குளிர்ந்த இடம் மேற்பரப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மைரன் புளொக் இதை 1956இலும், பியர்சன் 1958இலும் காட்டினார்கள். அப்போலோ 14 நிலவுக்குப் போய்வந்த வழியில், எடையே இல்லாத இடத்திலும் எண்ணெய்ப் படலத்தில் அறைகள் வந்தன. 1956 வரை நாற்பது வருடம் எல்லோரும் ராலே சொல்லிவிட்டார் என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். பிரபு பட்டமும் நோபலும் சேர்ந்தால் தராசுத் தட்டில் அவ்வளவு கனம்.

இந்தக் கூத்துக்குப் பிறகும் அந்த நிகழ்வுக்கு ராலே-பெனார் மேற்காவுகை என்றுதான் பெயர். ராலே 1919இலும் பெனார் 1939இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கண்டது வேறு, மற்றவர் கணக்குப் போட்டது வேறு. ஒரே அழைப்பிதழில் இரண்டு கலியாணம் அச்சடித்த மாதிரி அந்தப் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம ஆள் ஒருவரும் இந்த வலையில் விழுந்தார் என்பதில் எனக்குப் பெருமை. சுப்பிரமணியன் சந்திரசேகர், லாகூரில் பிறந்து சென்னையில் படித்த தமிழர். நட்சத்திரம் எவ்வளவு எடைக்கு மேல் தாங்காது என்று இருபது வயதிலேயே கணக்குப் போட்டவர். அதற்காக வானியலாளர் எடிங்டனிடம் பேச்சு வாங்கியவர். பத்து வருடத்துக்கு ஒரு துறை, அதற்கு ஒரு தலையணைப் புத்தகம், பிறகு அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை என்பது அவருடைய வழக்கம். ஐம்பதுகளில் அவர் பிடித்த துறை, கீழிருந்து சூடாகும் திரவம்.

1961இல் 650 பக்கத்துக்கு வெளிவந்தது புத்தகம். திரவத்தைச் சுற்றினால் என்ன ஆகும், காந்தப்புலத்தில் வைத்தால் என்ன ஆகும், சுற்றிக்கொண்டே காந்தப்புலத்திலும் வைத்தால் என்ன ஆகும் என்று எந்தச் சந்து பொந்தையும் விடவில்லை. அத்தனை பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: ஆட்டம் எப்போது தொடங்கும்? தொடங்கிய பிறகு, கன்னாபின்னாவென்று கொந்தளிக்கும்போது என்ன நடக்கும்? அதற்கு முன்பே 1955இல் கொந்தளிப்புக்கு ஒரு கோட்பாடு எழுதிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. நட்சத்திரங்களுக்கே வரம்பு கட்டியவர், கொதிக்கும் திரவத்தை வாசலோடு வணங்கிவிட்டு அடுத்த துறைக்குப் போனார். மனுசருக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருந்தது. ரம்ஃபர்டுக்கு இது தெரிந்திருந்தால் லவோசியே அம்மாவுக்கும் அவருக்கும் பிரிவே வந்திருக்காதோ என்னவோ.

வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. அடுப்பில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். அடிக்கும் மேலுக்கும் 10 பாகை வித்தியாசம் இருக்கட்டும். 1,708இல் தொடங்கும் ஆட்டம் இங்கே 10 கோடியைத் தாண்டியிருக்கும். புத்தளத்துக்கு மேலே இருக்கும் காற்றுக்கு அதே எண்ணைப் போட்டால் 17, 20 சைபர் விழும். அறுகோணம், உருளை என்ற ஒழுங்கெல்லாம் எப்போதோ காணாமல் போயிருக்கும். சூடான குமிழ்கள் நினைத்த இடத்தில் கிளம்பும், ஒன்றை ஒன்று இடிக்கும், உடையும். பிளேன்டீக்குத் தண்ணீர் வைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பௌதிகவியலின் தீராத பிரச்சினை ஒன்று கொதித்துக்கொண்டிருக்கிறது. தேயிலை போட்டதும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

மறக்காதவர் எட்வர்ட் லோரன்ஸ். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வானிலைக்காரர். 1961இல் தன்னுடைய கணினியில் ஒரு பொய் வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஓட்டத்தைப் பாதியிலிருந்து திரும்ப ஓட்டலாம் என்று தாளில் இருந்த எண்ணைப் பார்த்து அடித்தார்: 0.506. கணினியின் வயிற்றுக்குள் இருந்தது 0.506127. இந்த 127 என்ன பெரிசாகச் செய்துவிடும் என்று கோப்பி குடிக்கப் போனார். வந்து பார்த்தால் இரண்டு மாதத்து வானிலை தலைகீழ். சில்லறை பாக்கியை விட்டுக்கொடுத்தவர் சொத்தையே இழந்து நின்றார்.

மேகம், மழை எல்லாம் அவசியமில்லை, கீழிருந்து சூடாகும் ஒரு திரவமே இந்தச் சேட்டையைச் செய்யும் என்று 1963இல் காட்டினார். பரி சால்ட்ஸ்மன் என்ற நண்பரின் மேற்காவுகைச் சமன்பாடுகள் ஏழில் மூன்றை எடுத்துக்கொண்டார். கணினியில் மாரடித்தவர் எலன் ஃபெட்டர் என்ற பெண். கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி, அத்தோடு சரி. அந்த மூன்று சமன்பாட்டிலிருந்து கேயாஸ் என்ற துறையே பிறந்தது. அவற்றின் விடையைக் கோடாக வரைந்தால் வண்ணத்துப்பூச்சிபோல இரண்டு இறக்கை வரும். உண்மையான திரவத்தை அவ்வளவு சூடாக்கினால் அது இந்த மூன்று சமன்பாட்டுக்கு அடங்கி நடக்காது என்பது வேறு கதை. கேயாஸின் புகழ்பெற்ற திரவம் எந்தச் சட்டியிலும் இல்லை.

வண்ணத்துப்பூச்சி இறக்கையடித்தால் சூறாவளி வரும் என்ற வசனமும் முழுக்க அவருடையது அல்ல. அவர் முதலில் சொன்னது கடற்காகம். 1972இல் ஒரு கூட்டத்துக்குப் பேச்சுத் தலைப்பை நேரத்துக்கு அனுப்பாததால், ஒழுங்கு செய்த பிலிப் மெரிலீஸ் தானே பிரேசில், டெக்சாஸ் என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். கற்பிட்டிக் கடற்காகங்களுக்கு உலகப் புகழ் ஒரு மயிரிழையில் தவறிப்போயிற்று.

எங்களுக்கு அதற்கெல்லாம் வண்ணத்துப்பூச்சி தேவையில்லை. குரங்கு இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்ஃபோமரைத் தொட்டது என்றார் மின்சக்தி அமைச்சர். நாடு முழுக்கக் கரண்ட் போயிற்று. ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, கூரைகளில் சூரிய மின்சாரம் அதிகம், வலையமைப்பு ஒற்றைக்காலில் நின்ற நேரம். கரண்ட் சில மணித்தியாலத்தில் வந்தது. ஆனால் பாணந்துறையிலிருந்து எங்கேயோ இருக்கும் நுரைச்சோலையில், 900 மெகாவாட் நிலக்கரி ஆலையின் மூன்று இயந்திரமும் படுத்துவிட்டன. அடுத்த நாட்களில் ஊரெல்லாம் மின்வெட்டு. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. லோரன்ஸ் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் குரங்குக்கு ஒரு கட்டுரை அர்ப்பணித்திருப்பார்.

நுரைச்சோலையும் இந்தக் குடும்பத்து ஆள்தான் என்பதைச் சொல்லியாகவேண்டும். கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மிச்சச் சூட்டைக் கடல்நீரில் இறக்கும் மாபெரும் கேத்தல் அது. சோளகம் எழும்பினால் கரித்தூளும் சாம்பலும் வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் வருகின்றன என்று அயலூர்க்காரர் வருடம் தவறாமல் முறைப்பாடு செய்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் வீசும் என்று அந்த ஊர்ப் பாட்டிமாருக்குத் தெரியும். ஆலை கட்ட வந்தவர்கள் கேட்டிருக்கலாம்.

இவ்வளவு பேரும் முட்டி மோதிய பிறகு, இப்போதாவது தெரிந்துவிட்டதா? சூட்டைக் கூட்டக் கூட்ட கொந்தளிக்கும் திரவம் எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கும்? இரண்டு கட்சி. ராலே எண் ஆயிரம் மடங்கு கூடினால் சுமை ஏறத்தாழ 10 மடங்குதான் கூடும் என்பது ஒரு கட்சி. போகப் போக அந்த விதி மாறும், கடைசியில் 30 மடங்கை நெருங்கும் என்று 1962இல் ரொபர்ட் கிரைக்னன் சொன்னது மறுகட்சி. தீர்த்துவைக்க, சூட்டுப் பிரச்சினையைத் தேடி உலகத்திலேயே குளிரான இடத்துக்குப் போனார்கள்: பூச்சியத்துக்குக் கீழே 268 பாகைக் குளிரில் ஹீலியம் வாயு.

பிரான்சில் கிரெனோபிள் குழு, மாற்றம் தெரிகிறது என்றது. அமெரிக்காவின் ஒரிகனில் ஒரு மீற்றர் உயரப் பாத்திரத்தில் ராலே எண்ணை 17 சைபர் வரை தள்ளிப் பார்த்த குழு, ஒரு மாற்றத்தையும் காணோம் என்று 2000இல் எழுதியது. அந்தக் குழுவில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கே.ஆர். சீனிவாசனும் ஒருவர். அதே ஹீலியம், அதே குளிர், இரண்டு விடை. ஜெர்மனியில் கோட்டிங்கன்காரர்கள் வேறு வாயுவோடு வந்து பஞ்சாயத்து வைத்தார்கள். பஞ்சாயத்துக்குப் பிறகு வழக்கு முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்குப் பஞ்சாயத்துப் பழக்கமில்லை.

ஒரிகன்காரர்கள் கண்ட இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. மூடி முத்திரையிட்ட அந்தப் பாத்திரத்துக்குள் ஹீலியம் ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. அதற்கு அவர்கள் காற்று என்றே பெயர் வைத்தார்கள். வெளியிலிருந்து யாரும் எதையும் மாற்றாதபோதே அந்தக் காற்று திடீரென்று நின்று எதிர்ப்பக்கமாக வீசத் தொடங்கும். எப்போது திரும்பும் என்பதற்குக் கால அட்டவணை கிடையாது. சோளகமும் வாடையுமாவது பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் மதிக்கின்றன.

கற்பிட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திமிங்கிலம் பார்க்கவேண்டுமானால் மார்ச், ஏப்ரலில் போய்விடுங்கள். மே மாதம் சோளகம் எழும்பினால் அந்தப் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். ஒக்டோபர் வரை கைட் சர்ஃபிங்காரர்களின் ராச்சியம். நாளைக்குக் காற்று எப்படி என்று படகுக்காரரிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார். அடுத்த மாதம் இதே திகதியில் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். அது முடியாது என்று லோரன்ஸ் 1963இலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.